பிஃபோர் த ஸ்டார்ம்: க்ளோயி, ரேச்சல் கதையை ஆடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்: பிஃபோர் த ஸ்டார்ம்’ கேமைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்துகொண்டிருக்கிறேன். ஆடத் தொடங்கியவர்கள், பாதியில் நிறுத்தியவர்கள், முடித்துவிட்டுத் தூக்கம் வராமல் மெசேஜ் அனுப்பியவர்கள் என எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் பாதியில் கதையை உடைக்கவில்லை. பிறகு ஓர் இடத்தில் எச்சரிக்கை வரும். இன்னும் ஆடாதவர்கள் அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இது என்ன கேம்? யார் பண்ணது?

2015இல் பிரான்ஸின் டோன்ட்நோட் நிறுவனம் ‘லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்’ என்ற கேமை ஐந்து பகுதிகளாக வெளியிட்டது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் கடற்கரையில், ஆர்கேடியா பே என்ற கற்பனை ஊரில், 2013 அக்டோபரில் நடக்கும் கதை. காலத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் சக்தி கொண்ட மேக்ஸ் என்ற பெண்ணும், அவளுடைய பால்ய சிநேகிதி க்ளோயியும் அதன் நாயகிகள்.

அந்தக் கதைக்கு மூன்று ஆண்டு முந்தைய கதைதான் ‘பிஃபோர் த ஸ்டார்ம்’. 2010 மே மாதம், அதே ஊர். க்ளோயிக்கு வயது 16. அப்பா விபத்தில் இறந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது, மேக்ஸ் சியாட்டிலுக்குக் குடிபோய்விட்டாள், பள்ளியில் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. அந்தச் சமயத்தில்தான் பள்ளியே கொண்டாடும் ரேச்சல் ஆம்பர் அவள் பக்கம் திரும்புகிறாள். இதை உருவாக்கியது டோன்ட்நோட் இல்லை, கொலராடோவில் இருக்கும் டெக் நைன். இரண்டையும் வெளியிட்டது ஸ்கொயர் எனிக்ஸ். 2017 ஆகஸ்ட் 31, அக்டோபர் 19, டிசம்பர் 20 ஆகிய நாட்களில் மூன்று பகுதிகள் வந்தன. 2018 மார்ச்சில் ‘ஃபேர்வெல்’ என்ற கூடுதல் பகுதி வந்தது.

கதைப்படி இதுதானே முன்னாடி நடக்குது? அப்ப முதல்ல இதையே ஆடலாமா?

ஆடலாம், கதை புரியும். ஆனால் என்னைக் கேட்டால் 2015இல் வந்ததை முதலில் ஆடுங்கள் என்றுதான் சொல்வேன். முதல் கேமில் ஊர் முழுக்க ‘காணவில்லை’ போஸ்டர் ஒட்டியிருக்கும். அதில் இருப்பது ரேச்சலின் படம். அவளை நாம் நேரில் பார்ப்பதே இல்லை. மற்றவர்கள் சொல்வதை வைத்துத்தான் அவளைக் கற்பனை செய்துகொள்கிறோம். ஒருத்தர் தேவதை என்கிறார், இன்னொருத்தர் ஏமாற்றுக்காரி என்கிறார். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொன்ன பெண், இரண்டாவது கேமில் நம் கண்ணெதிரே வந்து நின்று சிரிக்கும்போது கிடைக்கும் அதிர்ச்சி, வரிசையை மாற்றினால் கிடைக்காது.

இதை முதலில் ஆடினால் இன்னொரு இழப்பும் உண்டு. முதல் கேமின் பெரிய மர்மங்களில் ஒன்று நீர்த்துப்போய்விடும்.

இதுல டைம் ரீவைண்ட் உண்டா?

கிடையாது. அது மேக்ஸின் சக்தி, இங்கே நாம் க்ளோயி. ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தால் தேர்ந்தெடுத்ததுதான். முதல் கேமில் இரண்டு பதிலையும் போட்டுப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதை வைத்துக்கொள்ளப் பழகியவர்களுக்கு ஆரம்பத்தில் கை நடுங்கும். எனக்கு இந்த மாற்றம் ரொம்பப் பிடித்திருக்கிறது. 16 வயதில் கோபத்தில் வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது, க்ளோயியாலும் முடியாது.

பேக்டாக்னா என்ன? அதுல தோத்துட்டா கேம் ஓவரா?

க்ளோயியின் ஆயுதம் அவளுடைய வாய். எதிரில் நிற்பவர் சொன்ன வாக்கியத்தில் இருக்கும் ஒரு சொல்லைப் பிடித்து, அதை அவர் மீதே திருப்ப வேண்டும். நேரம் குறைவு. அவர் பேசியதைக் கவனித்திருந்தால் எந்தப் பதில் பொருந்தும் என்று தெரியும். முதல் பகுதியின் தொடக்கத்தில், பழைய மர அறுவை ஆலையில் நடக்கும் ராக் கச்சேரிக்குள் நுழைய, வாசலில் மறிக்கும் தடியனிடம் இதை முதன்முதலாகப் பயன்படுத்துகிறோம்.

தோற்றால் கேம் நிற்காது, கதை வேறு வழியில் போகும். சில இடங்களில் ஜெயிப்பதுதான் வம்பு. அம்மாவின் காதலர் டேவிட் பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விடும்போது ஒரு பேக்டாக் வாய்ப்பு வரும். அதில் அவரை மடக்கிவிடலாம். ஆனால் அன்று காலை வீட்டில் அம்மா ஜாய்ஸ் மகளிடம் கெஞ்சாத குறையாகப் பேசியது நினைவில் இருந்தால், மடக்கிய பிறகு பெரிய சந்தோஷம் இருக்காது. அதனால் வாய்ப்பு வந்த இடத்திலெல்லாம் அழுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்று பகுதிகளும் சேர்ந்து ஒன்பது, பத்து மணி நேரம். அவசரமாகக் கதையை மட்டும் ஓட்டினால் இன்னும் குறையும், ஆனால் அப்படி ஆட வேண்டாம். க்ளோயியின் போனில் இருக்கும் மெசேஜ்களையும் அவளுடைய குறிப்பேட்டையும் அவ்வப்போது திறந்து படியுங்கள். அந்தக் குறிப்பேடு முழுக்க மேக்ஸுக்கு எழுதி அனுப்பாமலே விட்ட கடிதங்கள். பாதிக் கதை அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எனக்கு கேம் ஆடிப் பழக்கமே இல்ல, இங்கிலீஷும் அவ்வளவு வேகமா வராது. சரிப்படுமா?

சண்டை, துப்பாக்கி, வேகம் எதுவும் இல்லை. நடப்பது, பொருட்களைப் பார்ப்பது, பேசுவது, முடிவெடுப்பது, அவ்வளவுதான். கேமே ஆடாதவர்களுக்கு நல்ல தொடக்கம்.

தமிழ் சப்டைட்டில் கிடையாது. ஆங்கில சப்டைட்டிலை அமைப்புகளில் போட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான முடிவுகளுக்கு நேரக் கெடு இல்லை, நிதானமாகப் படித்து யோசிக்கலாம். பேக்டாக்கில் மட்டும் கடிகாரம் ஓடும். மேலே சொன்ன மாதிரி அதில் தோற்றாலும் கதை நகரும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை. பதின்வயதினரின் அமெரிக்கக் கொச்சை நிறைய வரும். இரண்டாவது மணி நேரத்தில் காது பழகிவிடும்.

பழைய வெர்ஷனா, ரீமாஸ்டரா, எதை வாங்கறது? போன்ல ஆட முடியுமா?

2022 பிப்ரவரியில் இரண்டு கேமையும் சேர்த்து ரீமாஸ்டர் தொகுப்பு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கும் வந்தது. முகபாவங்களும் ஒளியமைப்பும் மாறியிருக்கின்றன. ஆனால் வெளியானபோது கோளாறுகளுக்காக நிறையத் திட்டு வாங்கியது. பழைய பதிப்பின் தோற்றம் இன்றைக்கும் கண்ணை உறுத்தவில்லை. கணினியில் ஆடுகிறவர்களுக்கு என் சிபாரிசு பழையதுதான். அது தள்ளுபடியிலும் அடிக்கடி வரும்.

ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டுக்கும் 2018இலேயே வந்துவிட்டது. ஆனால் சின்னத் திரையில் சுவரில் ஒட்டியிருக்கும் காகிதங்களைப் படிப்பது சிரமம். வேறு வழி இருந்தால் அதைப் பாருங்கள்.

பத்தாவது படிக்கிற என் பொண்ணு கேக்கறா. வாங்கித் தரலாமா?

ஐரோப்பிய தர நிர்ணயப்படி 16 வயதுக்கு மேல், அமெரிக்காவில் 17. க்ளோயி கஞ்சா புகைக்கிறாள், திருடும் வாய்ப்புகள் வருகின்றன, கெட்ட வார்த்தை தாராளம், மூன்றாம் பகுதியில் கத்திக்குத்தும் போதை ஊசியும் உண்டு. அப்பாவின் இறப்பு கனவுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. சமீபத்தில் வீட்டில் யாரையாவது இழந்த பிள்ளையென்றால் அதையும் யோசியுங்கள்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து ஆடுங்கள் என்பதுதான் என் பதில். ‘இந்த இடத்தில் நீ என்ன சொல்லியிருப்பாய்?’ என்று கேட்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பதினாறு வயதுப் பெண்ணுக்கும் வீட்டுக்கும் நடுவில் பேச்சு எப்படி அறுந்துபோகிறது என்பதை இந்த கேம் இரண்டு பக்கத்திலிருந்தும் காட்டுகிறது. ஜாய்ஸ் வில்லி இல்லை. டேவிட்கூட முழு வில்லன் இல்லை.

முதல் கேம்ல இருந்த க்ளோயி குரல் இதுல இல்லையே, ஏன்?

முதல் கேமில் க்ளோயிக்குக் குரல் கொடுத்தவர் ஆஷ்லி பர்ச். அமெரிக்க நடிகர்களின் சங்கம் 2016 அக்டோபரில் வீடியோ கேம் நிறுவனங்களுக்கு எதிராக வேலைநிறுத்தம் தொடங்கியது. அது ஏறத்தாழ 11 மாதம் நீடித்தது. அதனால் அவர் நடிக்க முடியவில்லை. ரியானா டிவ்ரீஸ் குரல் கொடுத்தார். பர்ச் எழுத்துக்கு ஆலோசகராக இருந்தார். வேலைநிறுத்தம் முடிந்த பிறகு வந்த ‘ஃபேர்வெல்’ பகுதியில் பர்ச்சும், மேக்ஸுக்குக் குரல் கொடுத்த ஹன்னா டெல்லும் திரும்பி வந்தார்கள்.

டிவ்ரீஸைக் குறை சொல்கிறவர்களோடு நான் உடன்படுவதில்லை. இந்தக் க்ளோயி இன்னும் இறுகாதவள். திட்டிக்கொண்டே இருக்கும்போது குரல் சட்டென்று உடையும் இடங்களை அவர் அழகாகப் பிடித்திருக்கிறார். ரேச்சலின் குரல் கைலி பிரவுன்.

பாட்டு எல்லாம் யாருது?

டாட்டர் என்ற பிரிட்டிஷ் இசைக் குழு. கேமுக்கென்றே முழு ஆல்பம் செய்தார்கள், 2017 செப்டம்பரில் தனியாகவும் வெளிவந்தது. சில இடங்களில் க்ளோயியை உட்கார வைக்கலாம். உட்கார்ந்தால் கதை நகராது, இசை மட்டும் ஓடும். நீங்களாக எழுப்பும்வரை அவள் உட்கார்ந்திருப்பாள்.

க்ளோயி ஏன் எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழறா? எனக்கு அவளைப் பிடிக்கவே இல்ல.

முதல் ஒரு மணி நேரத்தில் பலருக்கும் இப்படித்தான் தோன்றும். அவளுடைய போனை எடுத்து மேக்ஸுடனான மெசேஜ்களைப் பாருங்கள். க்ளோயி அனுப்பிக்கொண்டே இருக்கிறாள். பதில்கள் குறைந்து, பிறகு வருவதே இல்லை. 2008 செப்டம்பரில் அப்பா வில்லியம், கடைக்குப் போன ஜாய்ஸை அழைத்து வரக் காரில் போனபோது லாரி மோதி இறந்தார். அதே சமயத்தில் மேக்ஸும் ஊரைவிட்டுப் போனாள். பதினான்கு வயதில் இரண்டும் ஒன்றாக நடந்தால் யாருக்கும் முன்கோபம் வரத்தான் செய்யும்.

பள்ளி வளாகத்தில் ஸ்டெஃப், மைக்கி என்ற இருவர் மேசையில் பகடை உருட்டிக் கற்பனை சாகச விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். கட்டாயமில்லை, தாண்டிப் போய்விடலாம். தாண்டாதீர்கள். அவர்களோடு உட்கார்ந்தால் க்ளோயி போர்க்குணம் கொண்ட ஒரு பாத்திரமாக மாறி, பத்து நிமிடம் குழந்தையாகச் சிரிக்கிறாள். அவளைப் பிடிக்காமல் போக அப்புறம் வழியில்லை. (இந்த ஸ்டெஃப் ரசிகர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போய், 2021இல் வந்த ‘ட்ரூ கலர்ஸ்’ கேமில் பெரிய பாத்திரமாகவே திரும்பி வந்தாள்.)

ரெண்டே நாள் பழக்கத்துல இவ்வளவு நெருக்கமா? நம்பவே முடியலையே.

இது நியாயமான குறை. கச்சேரியில் ஒரு இரவு, மறுநாள் வகுப்பை வெட்டிவிட்டுச் சரக்கு ரயிலில் ஒரு பயணம், அதற்குள் உயிர்த்தோழி. ஆனால் அந்த ரயில் பெட்டியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டு உண்மை, ஒரு பொய் சொல்லி, பொய் எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டை ரேச்சல் தொடங்குகிறாள். கதவு திறந்திருக்க வெளியே காடு ஓடுகிறது. அவளைப் பற்றிச் சொல்வதில் எது உண்மை எது பொய் என்று நாமும் சேர்ந்து ஊகிக்கிறோம். ரேச்சலோடு பழகுவது முழுவதும் இந்த விளையாட்டுதான் என்பது அப்போது தெரியாது.

பதினாறு வயதில், அதுவும் தனியாகக் கிடக்கும்போது, நம்மைப் பார்த்து ஒருத்தி ‘வா போகலாம்’ என்றால் இரண்டு நாளே அதிகம்.

ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா, லவ்வர்ஸா?

நீங்கள் முடிவு செய்யலாம். முதல் பகுதியின் பிற்பாதியில் க்ளோயி இதை நட்பு என்றோ, அதைவிட மேலானது என்றோ சொல்ல முடியும். இரண்டாம் பகுதியில், காட்டுத் தீயின் சாம்பல் பனி போலக் கொட்டும் தெருவில், முத்தம் கேட்கலாம், கை வளையத்தைக் கேட்டு அதோடு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம்.

எந்தப் பக்கம் போனாலும் க்ளோயியின் பார்வையில் ரேச்சல் சாதாரணத் தோழி இல்லை என்பது எழுத்திலேயே இருக்கிறது. நட்புப் பாதையில் ஆடினாலும் அந்த ஏக்கம் தெரியும்.

இனி வரும் பதில்களில் இரண்டு கேமின் முடிவும் வெளிப்படும். ஆடாதவர்கள் இங்கே நிறுத்திக்கொள்ளவும்.

காட்டுக்கு ரேச்சல் வேணும்னேதான் தீ வச்சாளா? அவளுக்கும் சக்தி இருக்கா?

காட்டுக்கு வைக்கவில்லை. பூங்காவில் ஒரு மரத்தடியில் அப்பா வேறொரு பெண்ணை முத்தமிடுவதைத் தொலைநோக்கியில் பார்க்கிறாள். பிறகு அதே மரத்தடிக்கு வந்து, அப்பாவும் தானும் இருக்கும் புகைப்படத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுக் கொளுத்துகிறாள். தொட்டியை உதைக்கிறாள். மரம் பற்றிக்கொள்கிறது. மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. உதைத்தது கோபத்தில்தான். ஆனால் எரிவதைப் பார்த்துவிட்டும் அவள் அணைக்க ஓடவில்லை, கத்துகிறாள். அவளைப் புரிந்துகொள்ள இந்த இரண்டும் சேர்ந்து தேவைப்படுகின்றன.

அவள் கத்தும்போது காற்று எழுந்து தீ சீறுவதை வைத்து, அவளுக்கும் மேக்ஸ் போல ஏதோ சக்தி இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வார்கள். கேம் அதை உறுதிப்படுத்தவில்லை, மறுக்கவும் இல்லை. சக்தி இல்லை என்று எடுத்துக்கொண்டால்தான் எனக்குக் கதை வலுவாக இருக்கிறது. ஒரு சாதாரணப் பெண்ணின் ஒரு நிமிடக் கோபத்துக்கு ஊரே புகையில் மூழ்குகிறது.

நாடகம் சீன்ல ரேச்சல் திடீர்னு வேற வசனம் பேசறாளே, அது என்ன?

பள்ளியில் போடுவது ஷேக்ஸ்பியரின் ‘டெம்பெஸ்ட்’. மூன்று பகுதிகளின் தலைப்புகளும் அந்த நாடகத்தோடு ஒட்டியவைதான். ரேச்சல் மந்திரவாதி ப்ராஸ்பரா. ஏரியல் என்ற ஆவியாக நடிக்க வேண்டிய ஜூலியட் என்ற மாணவி, தீயால் சாலை அடைபட்டு வர முடியாமல் போக, கடைசி நேரத்தில் க்ளோயியின் தலையில் அந்த வேடம் விழுகிறது. மேடையேறும் முன் வசனத்தை நீங்களே படித்து மனப்பாடம் செய்ய வேண்டும். படிக்காமல் போனால் மேடையில் திணறுவீர்கள். அந்தப் பதற்றம் க்ளோயியுடையது மட்டுமல்ல, கண்ட்ரோலரைப் பிடித்திருப்பவருடையதும்தான்.

நாடகப்படி ஏரியல் விடுதலை கேட்கிறது. ரேச்சல் அந்த இடத்தில் எழுதிய வசனத்தை விட்டுவிட்டு, உன்னை ஏன் விட மனமில்லை தெரியுமா என்று ஏரியலிடம், அதாவது க்ளோயியிடம், பேசத் தொடங்குகிறாள். இந்தத் தீவைத் தாண்டி இருவரும் சேர்ந்து பறந்துபோவோம் என்கிறாள். நிறைந்த அரங்கின் நடுவே, வேறு யாருக்கும் புரியாமல், இருவருக்கும் மட்டும் ஓர் ஒப்பந்தம். வேடம் போட்டிருக்கும்போதுதான் ரேச்சல் உண்மையைப் பேசுகிறாள் என்பது என் வாசிப்பு. வேடம் இல்லாத நேரத்தில் அவளை நம்பத் தயக்கமாக இருக்கிறது, இங்கே இல்லை. மொத்தத் தொடரிலும் எனக்கு இதற்கு இணையான காட்சி இல்லை.

பிரின்சிபல் ரூம்ல பழியை நான் ஏத்துக்கணுமா?

வகுப்பை வெட்டியதற்கான விசாரணை அது. ரேச்சலைக் காப்பாற்ற முழுப் பழியையும் ஏற்றுக்கொண்டால் க்ளோயி பள்ளியிலிருந்தே நீக்கப்படுகிறாள். ஏற்காவிட்டால் தற்காலிக நீக்கம். எப்படிப் போனாலும் 2013இல் அவள் அந்த பிளாக்வெல் பள்ளியின் மாணவி இல்லை என்பது முதல் கேமில் தெரிந்ததுதான். ஆகவே பள்ளி வாழ்க்கையைக் காப்பாற்றலாம் என்ற கணக்கைப் போடாதீர்கள். அந்த அறையில் ஜாய்ஸும் ரேச்சலும் அவரவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள், யார் முன்னால் எப்படிப்பட்டவளாக இருக்கப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

மூணாவது எபிசோடு ஏன் திடீர்னு க்ரைம் படம் மாதிரி ஆயிடுச்சு?

ஆமாம், ஆகிவிட்டது. முத்தமிட்ட பெண் அப்பாவின் கள்ளக்காதலி இல்லை, ரேச்சலைப் பெற்ற தாய் சேரா என்று இரண்டாம் பகுதியின் முடிவில் தெரிகிறது. அது அருமையான திருப்பம். அதன் பிறகு போதைப்பொருள் வியாபாரி டேமன் மெரிக், கடத்தல், மிரட்டல் பணம் என்று கதை பெருக்கெடுக்கிறது. ரேச்சல் கத்திக்குத்துப்பட்டு மருத்துவமனைக் கட்டிலில் படுத்துவிடுவதால், இருவரும் சேர்ந்திருக்கும் நேரம் குறைந்துபோகிறது. எந்த நட்புக்காக இந்த கேமை ஆடுகிறோமோ அதற்கு இடமில்லாமல் போவது பெரிய குறை. மூன்று பகுதிகளுக்குள் முடிக்க வேண்டிய அவசரம் தெரிகிறது.

ஆனாலும் மருத்துவமனையில் அந்தப் பகடை விளையாட்டு மறுபடி வருகிறது. முதல் பகுதியில் தாண்டிப் போகாதீர்கள் என்று சொன்னது இதற்காகவும்தான்.

கடைசி சாய்ஸ்ல உண்மையைச் சொல்றதா, மறைக்கறதா?

நிலைமையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரேச்சலின் அப்பா ஜேம்ஸ் அரசு வழக்கறிஞர். சேரா ஒரு காலத்தில் போதைக்கு அடிமை, இப்போது மீண்டவள். அவள் மகளைப் பார்க்க வந்ததைத் தடுக்க, ஜேம்ஸ் டேமனையே ஏவிவிட்டிருக்கிறார். டேமன் அவளுக்கு மறுபடி ஊசி போடுகிறான். உயிர் தப்பிய சேரா, இது ரேச்சலுக்குத் தெரிய வேண்டாம் என்று க்ளோயியிடம் கேட்டுக்கொள்கிறாள்.

சொன்னால் தாயும் மகளும் சந்திக்கிறார்கள், அப்பா மீதிருந்த நம்பிக்கை போகிறது. மறைத்தால் அந்தக் குடும்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு பொய்யின் மேல். நான் சொல்லிவிடுகிற கட்சி. என் காரணம் ரயில் பெட்டியில் இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் பொய் சொல்லும் பெண்ணுக்கு, பொய் சொல்லாத ஒருத்தியாக இருப்பேன் என்றுதான் க்ளோயி உள்ளே வந்தாள். கடைசியில் அவளும் ஜேம்ஸ் செய்ததையே செய்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும் எனக்கு ஒப்பவில்லை. சேராவின் விருப்பத்தை மதிக்க வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அவள் தன் உயிரைப் பணயம் வைத்துச் சம்பாதித்த உரிமையோடுதான் அதைக் கேட்கிறாள்.

எப்படியும் ரேச்சல் சாகத்தானே போறா? அப்புறம் நாம எதைத் தேர்ந்தெடுத்தா என்ன?

அதிகம் வந்த கேள்வி இதுதான். 2013இல் ரேச்சல் காணாமல் போவாள். அவள் உடலைக் க்ளோயியே பழைய இரும்புக் கிடங்கில் தோண்டி எடுப்பாள். அங்கே உட்கார்ந்துதான் இந்த கேமில் இருவரும் ஊரைவிட்டு ஓடத் திட்டம் போடுகிறார்கள். அதே கிடங்கில் கண்டெடுத்துச் சரிசெய்த பிக்கப் டிரக்கைத்தான் க்ளோயி முதல் கேமில் ஓட்டுகிறாள். நம் எந்த முடிவாலும் இது மாறாது.

முதல் கேம் முடிவைப் பெரிதாக நினைக்கப் பழக்கியது, ஊரைக் காப்பாற்றுவதா க்ளோயியைக் காப்பாற்றுவதா என்று. இங்கே முடிவு நம் கையில் இல்லை, ஆகவே கேள்வியே வேறு. இவர்கள் சேர்ந்திருந்த காலத்தில் க்ளோயி எப்படிப்பட்ட தோழியாக இருந்தாள்? அப்பாவின் நொறுங்கிய காரை அந்தக் கிடங்கில் பார்த்துவிட்டு மட்டையால் அடித்து அடித்து ஓய்ந்தவள், அடுத்த இரண்டு பகுதிகளில் இன்னொருத்தியின் துயரத்தைத் தாங்கக் கற்றுக்கொள்கிறாளா இல்லையா? அதற்கு நீங்கள்தான் பதில் எழுதுகிறீர்கள். நண்பர் போன பிறகு நமக்கு மிஞ்சுவதும் நாம் அவரிடம் நடந்துகொண்ட விதம்தானே. விளைவு மாறினால்தான் தேர்வுக்கு மதிப்பு என்று நினைக்கிறவர்களுக்கு இந்த கேம் கசக்கும். எனக்கு இதனால்தான் இது முதல் கேமைவிட நெருக்கம்.

கிரெடிட்ஸ் முடிஞ்சு வர்ற சீன் புரியலையே?

ஒரு போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. க்ளோயியிடமிருந்து வந்து எடுக்கப்படாத அழைப்புகள். பக்கத்தில் கேமரா வெளிச்சம் மின்னுகிறது. அது முதல் கேமில் வரும் இருட்டு அறை. அந்த அறையில் யார் படமெடுப்பார், யாரை எடுப்பார் என்பது முதல் கேம் ஆடியவர்களுக்குத் தெரியும். ஆடாதவர்களுக்கு இந்த அரை நிமிடம் ஒன்றுமே சொல்லாது. எந்த வரிசையில் ஆட வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கேம்ல ரேச்சலும், போதைப்பொருள் விக்கற ஃப்ராங்கும் காதலிச்சாங்கன்னு வருதே. இது அதோட முட்டலையா?

நேரடியாக முட்டவில்லை. இந்தக் கதை 2010 மே மாதத்தோடு முடிகிறது. இடையில் மூன்று வருடம் இருக்கிறது. மனிதர்கள் மாற அது போதும். ஆனால் உணர்வில் ஓர் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது. உண்மைக்காக இவ்வளவு ஏங்கிய ரேச்சல், பிறகு ஃப்ராங்க் விஷயத்தைக் க்ளோயியிடம் மறைக்கிறாள். கதாசிரியர்களின் கவனக்குறைவு என்று சிலர் சொல்வார்கள். அப்பாவைப் பார்த்து வளர்ந்த பெண் அப்பாவைப் போலவே மறைக்கக் கற்றுக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இறுதி முடிவில் நீங்கள் மறைத்திருந்தால் இந்த வாசிப்பு இன்னும் உறைக்கும்.

ஃபேர்வெல் பகுதியை எப்ப ஆடணும்?

எல்லாவற்றுக்கும் கடைசியில். காலக்கணக்கில் அதுதான் முதலாவது, 2008. மேக்ஸாக ஆடுகிறோம். சியாட்டில் போகப்போவதைக் க்ளோயியிடம் சொல்ல வேண்டும், சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் கடற்கொள்ளைக்காரர் விளையாட்டில் புதைத்த புதையலைத் தேடி இருவரும் வீட்டைக் குடைகிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அன்று என்ன தேதி என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உறைக்கும். வில்லியம் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாள் அது.

மறுபடியும் ஆடினா எதை மாத்தி ஆடலாம்?

புது சேவில் தொடங்குங்கள், பழையது அழியாமல் இருக்கட்டும். எல்லாவற்றையும் எதிர்மாறாகச் செய்வதில் சுவாரசியம் இல்லை, க்ளோயி யாரோ ஒருத்தியாகிவிடுவாள். இரண்டு விஷயத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒன்று, டேவிடிடமும் ஜாய்ஸிடமும் ஒரு முறைகூட பேக்டாக் பயன்படுத்தாமல் போவது. வீட்டுக் காட்சிகளின் தொனியே மாறுகிறது. இரண்டு, டேமனுக்குப் பாக்கி வைத்த, மைக்கியின் அண்ணன் ட்ரூவின் பணத்தை என்ன செய்வது என்று இரண்டாம் பகுதியில் வரும் முடிவு. அங்கே நீங்கள் எடுத்த முடிவுக்கு யார் அடிபட்டார்கள் என்பது மூன்றாம் பகுதி மருத்துவமனையில் தெரியும். முதல் தடவை பெரும்பாலானோர் அடிபட்டவர் இருக்கும் அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் ரேச்சலின் அறைக்கு ஓடிவிடுகிறார்கள்.

பிறகு, சுவர்களில் க்ளோயி கிறுக்கும் இடங்கள். ஒவ்வொரு பகுதியிலும் பத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு படங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முதல் தடவை தேர்ந்தெடுக்காத படங்களை இப்போது வரையுங்கள். சில, குறிப்பேட்டில் அவள் எழுதாமல் விட்டதைச் சொல்கின்றன.